குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழற்சி: புதிய சிகிச்சைகளும் பால் வங்கி பற்றிய மார்க்கத் தெளிவும்



சில ஆண்டுகளுக்கு முன், இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலைப் பூட்டும் நேரத்தில் ஒரு தம்பி போன் செய்தார். குரல் நடுங்கியது. "ஹஜ்ரத், ஏழாம் மாசத்துலயே பிரசவம் ஆயிடுச்சு. ஆண் குழந்தை. ஒரு கிலோ நூறு கிராம்தான் இருக்கான். அவளுக்கு இன்னும் பால் ஊறல. டாக்டரம்மா பால் வங்கியில இருந்து வாங்கிக் கொடுக்கலாம்னு சொல்றாங்க. யாரோட பால்னு தெரியாதாம். கொடுக்கலாமா ஹஜ்ரத்?"

"கிதாபுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றேன். மறுநாள் ஜும்ஆ. அதற்கடுத்த நாள் வெளியூரில் ஒரு நிகாஹ். மூன்றாம் நாள் நான் அழைத்தபோது, காத்திருந்து பார்த்துவிட்டு ஃபார்முலா பால் கொடுக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அந்தக் குழந்தையின் வயிறு வீங்கியது. அறுவை சிகிச்சை செய்து குடலில் ஒரு பகுதியை நீக்க வேண்டியதாயிற்று.

ஃபார்முலா பாலால்தான் அந்த நோய் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கும் இது வருவதுண்டு. ஆனாலும், மூன்று நாள் தாமதமான என் பதில் இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகுதான் இந்த நோயைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். நம் குடும்பங்களில் வேறு யாரும் அப்படிக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இது என்ன நோய்?

மருத்துவர்கள் இதை 'நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ்' என்கிறார்கள். சுருக்கமாக என்.ஈ.சி. குடலின் உட்சுவரில் அழற்சி உண்டாகி, அந்தத் திசு செத்து அழுகிப்போகும் நோய் இது. முற்றினால் குடலில் ஓட்டை விழும். குடலில் இருக்கும் கிருமிகள் வயிற்றுக்குள்ளும் இரத்தத்திலும் பரவும்.

பெரியவர்களுக்கு வரும் 'குரோன்ஸ்', 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' போன்ற நாட்பட்ட குடல் அழற்சி வேறு, இது வேறு. அவை ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. இதுவோ சில மணி நேரத்திற்குள் குழந்தையின் நிலையை மாற்றிவிடக் கூடியது.

1,500 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 10 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகிறார்கள். ஆளானவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போனால் ஆபத்து இன்னும் அதிகம். 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எனவே இது எங்கோ நடக்கும் அபூர்வச் சம்பவம் அல்ல.

ஏன் வருகிறது?

ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. மூன்று விஷயங்கள் ஒன்று சேர்கின்றன. முதலாவது, குடல் இன்னும் முழுமையாக வளரவில்லை. இரண்டாவது, குடலில் குடியேறும் கிருமிகள் சரியான கலவையில் இல்லை. மூன்றாவது, குழந்தைக்குக் கிடைக்கும் பால் எத்தகையது என்பது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் டேவிட் ஹேக்கமும் அவருடைய குழுவினரும் இதன் அடிப்படையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். குடல் செல்களின் மேற்பரப்பில் 'டி.எல்.ஆர். 4' என்ற உணரி ஒன்று இருக்கிறது. கருவறையில் குடல் வளர்வதற்கு அது உதவுகிறது. அதனால் குறைமாதக் குழந்தையின் குடலில் அது அதிக அளவில் இருக்கும். பிறந்த பிறகு குடலில் கிருமிகள் வந்து சேரும்போது, அதே உணரி அவற்றைப் பகையாகக் கண்டு அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுகிறது. குடல் செல்கள் சாகின்றன. குடலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் சுருங்குகிறது.

தாய்ப்பாலில் இந்தக் கிளர்ச்சியை அடக்கும் பொருட்கள் இருப்பதை இதே ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்ப்பாலுக்கே உரிய சிலவகைச் சர்க்கரைகள் அவற்றில் முக்கியமானவை. குழந்தைக்கு இந்த நோய் வந்த தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, அப்படிப்பட்ட ஒரு சர்க்கரை குறைவாக இருந்ததை வேறு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே இது தாயின் குற்றமும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. "நீ அதைத் தின்றாய், இதைத் தின்றாய், அதனால்தான்" என்று பிரசவித்த பெண்ணைக் குற்றம் சொல்லும் மாமியார்களும் நாத்தனார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள்

மிகவும் குறைமாதக் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிறந்த இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறது. குழந்தை தேறிவருகிறது, எடை கூடுகிறது என்று எல்லோரும் நிம்மதி அடையும் நேரம் அது. பின்வருவன தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்:

- வயிறு உப்பி, தோல் பளபளப்பாகத் தெரிவது
- பால் செரிக்காமல் தங்குவது, பச்சை நிறத்தில் வாந்தி அல்லது குழாய் வழியே பச்சை நிறத் திரவம் வருவது
- மலத்தில் இரத்தம்
- மூச்சு இடையிடையே நிற்பது, இதயத் துடிப்பு குறைவது
- குழந்தை துவண்டு கிடப்பது, உடல் சூடு ஏறி இறங்குவது

எக்ஸ்ரே எடுத்தால் குடல் சுவருக்குள் காற்றுக் குமிழ்கள் தெரியும். குடலுக்கு வெளியே வயிற்றுக்குள் காற்று தெரிந்தால் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். 1978-ல் மார்ட்டின் பெல் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் இந்நோயை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். பின்னர் திருத்தப்பட்ட அதே முறையைத்தான் மருத்துவமனைகள் இன்றும் பின்பற்றுகின்றன. "ஸ்டேஜ் ஒன்னா, ரெண்டா டாக்டர்?" என்று பெற்றோர் கேட்டால் நிலைமையைத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். முதல் நிலை சந்தேகம். இரண்டாம் நிலை உறுதி. மூன்றாம் நிலை கடுமை.

இன்று கொடுக்கப்படும் சிகிச்சை

முதலில் பால் கொடுப்பதை நிறுத்துவார்கள். குடலுக்கு ஓய்வு கொடுப்பதுதான் நோக்கம். வாய் வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, தேங்கிய காற்றையும் திரவத்தையும் வெளியே எடுப்பார்கள். இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் மருந்துகளும், அதே வழியில் சத்தும் செலுத்துவார்கள். தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவார்கள், செயற்கைச் சுவாசம் கொடுப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தேறிவிடுகிறார்கள்.

"பச்சப்புள்ளைய பட்டினி போடுறாங்களே" என்று பாட்டிமார் கலங்குவதுண்டு. பட்டினி அல்ல. டிரிப்ஸ் வழியாக உணவு போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த நாட்களிலும் தாய் பாலைப் பீய்ச்சிச் சேமித்துவர வேண்டும். குடல் ஆறியதும் முதலில் தேவைப்படுவது அந்தப் பால்தான்.

ஓட்டை விழுந்தாலோ, மருந்துக்கு நோய் கட்டுப்படாவிட்டாலோ அறுவை சிகிச்சை. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வயிற்றைத் திறந்து செத்துப்போன பகுதியை நீக்குவது. மற்றொன்று, வயிற்றில் சிறு குழாய் பொருத்தி கழிவுத் திரவத்தை வடியவிடுவது. மிகச் சிறிய குழந்தை பெரிய அறுவையைத் தாங்காது என்று கருதி இரண்டாவது வழியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். எது நல்லது என்பதை அறிய அமெரிக்காவில் 310 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்து, 2021-ல் முடிவு வெளியானது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் என்.ஈ.சி. என்று முன்கூட்டியே கண்டறியப்பட்ட குழந்தைகளை மட்டும் பார்த்தபோது, குழாய் வைக்கப்பட்டவர்களில் 100-க்கு 85 பேர் இறந்தோ மூளை வளர்ச்சிக் குறைபாட்டுடனோ இருந்தார்கள். வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்களில் அது 69. அண்மைக் காலத்தில் அறுவை சிகிச்சை முடிவுகளை மாற்றிய முக்கியத் தகவல் இது.

குடலை நீக்கியபின் சில குழந்தைகளுக்கு வயிற்றின் மேல் தற்காலிகமாக மலம் வெளியேறும் வாய் வைப்பார்கள். சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து அதை மூடிவிடுவார்கள். அதிகக் குடலை இழந்தவர்களுக்கு 'குறுங்குடல்' பிரச்சினை வரும். சத்து உறிஞ்சப்படாததால் நீண்ட காலம் டிரிப்ஸ் வழி உணவு தேவைப்படும்.

வருமுன் காப்பதில் உறுதியானவை

இந்த நோயைப் பொறுத்தவரை கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் கிடைத்த பெரிய முன்னேற்றம் மருந்தில் அல்ல, தடுப்பில்தான்.

தாய்ப்பால்: 1990-ல் இங்கிலாந்தில் ஆலன் லூகாஸும் டி.ஜே. கோலும் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. ஃபார்முலா மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களை விட 6 முதல் 10 மடங்கு அதிகமாக நோய் கண்டது. தாயின் பால் கிடைக்காதபோது தானமாகக் கிடைத்த தாய்ப்பாலைக் கொடுப்பதா, ஃபார்முலா கொடுப்பதா என்று ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஃபார்முலாவில் நோய் ஏறத்தாழ இரு மடங்கு. ஃபார்முலா பாலே இந்நோய்க்குக் காரணம் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றும், மனிதப் பால் காக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்றும் 2024 அக்டோபரில் அமெரிக்க அரசின் சுகாதார அமைப்புகள் சேர்ந்து அறிவித்தன. அதாவது, ஃபார்முலா நஞ்சல்ல. ஆனால் தாய்ப்பால் தரும் பாதுகாப்பு அதில் இல்லை.

பிரசவத்திற்கு முன் ஊசி: குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரலுக்காகப் போடப்படும் அந்த ஊசி, இந்தக் குடல் நோயையும் குறைக்கிறது. வலி முன்கூட்டியே வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

கங்காரு முறை: குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைப்பது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் சுமார் 3,200 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்தவுடனே இப்படி வைத்திருந்தவர்களில் இறப்பு 12 சதவீதம். நிலைமை சீரான பிறகே அணைத்தவர்களில் 15.7 சதவீதம். தாய்ப்பால் சுரப்பும் இதனால் கூடுகிறது.

மருந்துகளில் சிக்கனம்: தேவையில்லாமல் நாட்கணக்கில் தொடரும் ஆன்டிபயாடிக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இப்போது மருத்துவர்கள் இவற்றில் கவனமாக இருக்கிறார்கள்.

நல்ல கிருமிகள்: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

'ப்ரோபயாட்டிக்' எனப்படும் நல்ல கிருமிகளைப் பாலில் கலந்து கொடுப்பது புதிய வழிகளில் அதிகம் பேசப்படுவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மூன்று வகைக் கிருமிகளின் கலவை கொடுக்கப்பட்டவர்களில் நோய் 4.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இங்கிலாந்தில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் வேறொரு கிருமியைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. எந்தக் கிருமி, எந்தக் கலவை என்பது முக்கியம் என்று இதிலிருந்து புரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 32 வாரத்துக்கு முன் பிறந்து மனிதப் பால் அருந்தும் குழந்தைகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. மறுபுறம், 2023-ல் அமெரிக்காவில் இத்தகைய பொருள் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே கிருமி இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அந்நாட்டு மருந்து நிர்வாகம் கடுமையாக எச்சரித்தது. ஆகவே கடையில் கிடைக்கிறதே என்று பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்ச் செவிலியரிடம் நீட்ட வேண்டாம். கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னும் ஆய்வில் இருப்பவை

கனடாவின் டொரண்டோவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் அகோஸ்டினோ பியெரோ தலைமையிலான குழு வித்தியாசமான ஒரு வழியைச் சோதித்து வருகிறது. குழந்தையின் கை அல்லது காலில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, சில நிமிடங்கள் இறுக்கிப் பின் தளர்த்துகிறார்கள். இப்படிச் சில முறை. அந்த உறுப்பில் சிறிது நேரம் இரத்தம் குறைந்ததால் உடலில் எழும் பாதுகாப்பு, தொலைவில் உள்ள குடலின் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது என்பதை விலங்குகளில் கண்டார்கள். சில குழந்தைகளிடம் செய்த முதல் கட்டச் சோதனை பாதுகாப்பானதாக அமைந்தது. பலன் தருமா என்பதைப் பெரிய ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் கெட்டுப்போன குடலைச் சீராக்குவதையும், டி.எல்.ஆர். 4 உணரியை அடக்கும் மருந்துகளின் பலனையும் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். இவை இன்னும் நம் குழந்தைகளின் படுக்கை அருகே வரவில்லை. "ஸ்டெம் செல் போட்டுச் சரி பண்ணிடலாம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பிவிடாதீர்கள்.

தோற்றுப்போன முயற்சிகளையும் சொல்ல வேண்டும். பாலில் உள்ள 'லாக்டோஃபெரின்' என்ற புரதத்தைப் பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 2,200 குழந்தைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், எதிர்பார்த்தபடி தொற்று குறையவில்லை. பாலின் அளவை மெதுவாகக் கூட்டினால் நோய் வராது என்ற பழைய எண்ணமும் அதே ஆண்டில் சுமார் 2,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. மெதுவாகக் கூட்டியதிலும் வேகமாகக் கூட்டியதிலும் வேறுபாடு இல்லை.

பால் வங்கியும் பால்குடி உறவும்

இப்போது அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

பால் வங்கி என்பது, பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார்கள் தானமாகக் கொடுப்பதைச் சேகரித்துப் பாதுகாக்கும் இடம். கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிஃபிலிஸ் போன்ற நோய்கள் இல்லை என்று சோதிக்கிறார்கள். பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். ஆசியாவின் முதல் பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் 2014 முதல் இவை இயங்கி வருகின்றன. பெரும்பாலும் பலருடைய பாலை ஒன்றாகக் கலந்தே பதப்படுத்துகிறார்கள். யாருடைய பால் யாருக்குப் போனது என்று குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

நம் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. பால் கொடுத்தவள் தாய், அவளிடம் பால் குடித்தவர்கள் சகோதர சகோதரிகள், அவர்களுக்கிடையே திருமணம் கூடாது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 23-ஆம் வசனத்தில் உள்ள தெளிவான சட்டம். நாளை அந்தக் குழந்தை வளர்ந்து, தெரியாமலே தன் பால்குடிச் சகோதரியை மணந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் ஈமானிலிருந்து வருவது. அதை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

உலமாக்கள் இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?

1983-ல் குவைத்தில் நடந்த கருத்தரங்கில் ஷெய்க் யூசுஃப் அல்கர்ளாவி, பால் வங்கியில் தடை இல்லை என்றார். உறவை உண்டாக்குவது மார்பில் வாய் வைத்துக் குடிப்பதே என்பதும், கொடுத்தவர் யார், எத்தனை முறை என்ற உறுதி இல்லாதபோது சந்தேகத்தை வைத்து ஹராம் ஆக்க முடியாது என்பதும் அவருடைய வாதம். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி இதற்கு மாறாக, முஸ்லிம் நாடுகளில் பால் வங்கி அமைப்பதையும் அதிலிருந்து பால் கொடுப்பதையும் தடுத்தது. 2004-ல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், அங்குள்ள குறைமாதக் குழந்தைகளின் தேவை கருதி அனுமதித்தது. 2017-ல் சிங்கப்பூரில் பால் வங்கி தொடங்கியபோது, அந்நாட்டு முஸ்லிம் மன்றமான முயிஸின் ஃபத்வாக் குழுவும் தேவையுள்ள குறைமாதக் குழந்தைகளுக்கு அனுமதி அளித்தது. மாறாக, 2024-ல் கராச்சியில் தொடங்கவிருந்த பால் வங்கி, ஆலிம்களின் திருத்திய ஃபத்வாவுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. குவைத்தில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். பால் கொடுக்கும் தாயும் பெறும் தாயும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் முறை அது. உறவு தெளிவாகப் பதிவாவதால் குழப்பத்திற்கு இடமில்லை.

மத்ஹபுகளின் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு வயதுக்குள் ஐந்து தனித்தனி வேளை குடித்திருப்பது உறுதியானால்தான் உறவு ஏற்படும். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் உறவு இல்லை. ஹனஃபி மத்ஹபில் கொஞ்சம் குடித்தாலும் உறவு ஏற்படும். வாய், மூக்கு வழியாக வயிற்றுக்குள் பாலை ஊற்றுவதும் இரு மத்ஹபிலும் குடித்ததாகவே கணக்கு. எனவே குழாய் வழி கொடுத்தால் உறவு வராது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஓர் ஊர்ப் பெண்கள் பலர் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்து, யார் கொடுத்தார்கள் என்றே தெரியாமல் போனால், அடையாளமோ சாட்சியோ இல்லாத நிலையில் அவ்வூரில் திருமணம் செய்வது கூடும் என்று ஹனஃபி நூல்களிலேயே சட்டம் இருக்கிறது. தெரியாத ஒன்றைக் கொண்டு மனிதர்களை மார்க்கம் நெருக்கடியில் தள்ளவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்தபின், என்னிடம் கேட்கும் குடும்பங்களுக்கு இப்போது நான் சொல்லும் வரிசை இதுதான்:

1. பெற்ற தாயின் பால்தான் முதல். ஒரு சொட்டு வந்தாலும் அதைக் கொடுக்கட்டும்.

2. அது போதாதபோது, குழந்தையின் சிற்றன்னை, அத்தை, மாமி போன்ற அறிந்த பெண் ஒருவர் கொடுக்க முடியுமா, சோதனை செய்து ஏற்றுக்கொள்வார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொடுத்தால் அவர் பெயர், அவர் கணவர் பெயர், தேதி, எத்தனை வேளை என்பதை எழுதி இரு வீட்டாரும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எல்லாப் பிள்ளைகளும் உங்கள் குழந்தைக்குச் சகோதரர்கள். அவர் கணவர் பால்குடித் தந்தை. ஆனால் உங்களுடைய மற்றப் பிள்ளைகளுக்கு இந்த உறவு பரவாது. நம் வீடுகளில் மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் சம்பந்தம் செய்யும் வழக்கம் இருப்பதால், எழுதி வைப்பது மிக முக்கியம்.

3. அதுவும் முடியாமல், குழந்தையின் உயிருக்குத் தேவை என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால், பால் வங்கியின் பாலைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். நிர்ப்பந்தத்தில் (ளரூரத்) மார்க்கம் இடம் தருகிறது. கொடுத்தவர் பற்றிய விவரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எழுதி வையுங்கள். கொடுத்தவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும் பால் ஹலால்தான். அறியப்பட்டால் உறவும் உண்டு.

இதில் மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களை நான் மதிக்கிறேன். உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குழந்தை இன்குபேட்டரில் கிடக்கும்போது அல்ல. கர்ப்பமாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

குடும்பத்தார் கவனத்திற்கு

பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே தாய் பாலைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவு உட்பட நாளுக்கு எட்டு முறைக்குக் குறையாமல். ஆரம்பத்தில் சில சொட்டுகளே வரும். மஞ்சள் நிறச் சீம்பாலை 'கெட்ட பால்' என்று கொட்டிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஓரிரு மில்லிதான் தேவை. சொட்டுகளே மருந்து.

நிஃபாஸ் முடிய நாற்பது நாள் தாய் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சில வீடுகளில் தடுக்கிறார்கள். நிஃபாஸ் தடுப்பது தொழுகை, நோன்பு போன்றவற்றைத்தான். மருத்துவமனைக்குப் போவதையோ, குழந்தையை மார்போடு அணைப்பதையோ, பால் கொடுப்பதையோ அது தடுக்கவில்லை. தாயைத் தினமும் குழந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சேனை தொட்டு வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தஹ்னீக் சுன்னத்தானது, கடமையல்ல. மருத்துவர் அனுமதிக்கும் நாள் வரை காத்திருந்து செய்யலாம். குழந்தையின் காதில் பாங்கு சொல்லவும் துஆ செய்யவும் எந்தத் தடையும் இல்லை.

ரமலானில் இந்த நிலை வந்தால், பாலூட்டும் தாய் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அவளை நோன்பு வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

முதலில் நான் சொன்ன குழந்தையின் வயிற்றில் வைத்த வாய் சில மாதங்களில் மூடப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவன் எங்கள் மக்தபில் அலிஃப், பே ஓதுகிறான். மற்றப் பிள்ளைகளை விடக் கொஞ்சம் மெலிந்தவன். அவனுடைய அத்தா என்னிடம் அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் இப்போது இப்படி ஒரு போன் வந்தால், எந்த நேரமானாலும் போனை வைப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு முழு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.